முடியோரத்து வெள்ளைத் தழும்பு: நிறமா, முடியா, மறைப்பா?

அறுவை சிகிச்சை முடிந்து, தையல் பிரித்து, உறவுக்காரர்கள் எல்லாரும் நலம் விசாரித்து ஓய்ந்த பிறகு மிஞ்சுவது ஒரு வெள்ளைக் கோடு. நெற்றி முடிந்து முடி தொடங்கும் இடத்தில் இருக்கும், அல்லது முடிக்குள்ளே ஒரு விரல் அளவு தள்ளி இருக்கும். மாநிறத் தோலுக்கும் கரிய முடிக்கும் நடுவே அது தெரிகிற அளவுக்கு வெளிர்நிறத் தோலில் தெரியாது. மூளை அறுவை சிகிச்சை, நெற்றியைச் சிறிதாக்கும் சிகிச்சை, புருவத்தைத் தூக்கும் சிகிச்சை, முகச் சுருக்கம் நீக்கும் சிகிச்சை, மச்சம் அல்லது கட்டி எடுத்தது, சின்ன வயதில் படிக்கட்டில் விழுந்து போட்ட தையல் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம்.

இதற்கு என்ன செய்யலாம் என்று சிங்கப்பூரில் கேட்டால் பதிலுக்குப் பஞ்சமே இல்லை. நொவீனாவிலோ ஆர்ச்சர்டிலோ ஒரு மருத்துவக் கட்டடத்துக்குள் நுழைந்தால் மாடிக்கு மாடி வேறு வேறு பதில் கிடைக்கும். லேசர் வைத்திருப்பவர் லேசர் என்பார். முடி நடுபவர் நடலாம் என்பார். தலையில் பச்சை குத்தும் நிலையத்தார் ஒரே மாதத்தில் முடித்துவிடலாம் என்பார். யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு தழும்புக்குப் பொருந்தும். உங்களுடைய தழும்புக்குப் பொருந்துவது எது என்பதில்தான் சிக்கல். நான் மருத்துவர் இல்லை; தலையில் ஓர் அறுவை சிகிச்சைக்குப் பிறகு இந்த மாடிகளில் ஏறி இறங்கியவள். அப்போது யாராவது முதலிலேயே சொல்லியிருக்கலாம் என்று நான் நினைத்தவை இவை.

எது வெள்ளையாகத் தெரிகிறது?

முடியோரத் தழும்பு கண்ணில் படுவதற்கு மூன்று காரணங்கள் உண்டு. தழும்புத் தோலில் நிறம் இல்லாதது ஒன்று. அங்கே முடி இல்லாதது இன்னொன்று. தழும்பு பள்ளமாகவோ மேடாகவோ இருந்து வெளிச்சத்தை வேறு விதமாகக் காட்டுவது மூன்றாவது. பெரும்பாலும் இவை கலந்தே இருக்கும். ஆனால் எது அதிகம் என்பதைப் பொறுத்துச் சிகிச்சை தலைகீழாக மாறும். என் கணிப்பில், முடியோரத் தழும்புகளில் பாதிக்கு மேல் உண்மையில் முடிப் பிரச்சினைதான். எல்லாரும் அதை நிறப் பிரச்சினை என்று நினைத்து லேசருக்குப் பணம் கட்டுகிறார்கள்.

வீட்டிலேயே பார்த்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. உங்கள் தோல் நிறத்துக்கு ஒத்த ஃபவுண்டேஷனைத் தழும்பின் மேல் மட்டும் மெல்லத் தடவி, பகல் வெளிச்சத்தில் தாழ்வாரத்தில் நின்று ஒரு படம் எடுங்கள். கோடு மறைந்துவிட்டால் குறை நிறத்தில். தோல் நிறம் சரியாகியும் ஒரு வழுக்கைக் கோடு தெரிந்தால் குறை முடியில். அப்புறம் விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசி டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். நிழல் விழுந்தால் பள்ளமோ மேடோ இருக்கிறது. காசு செலவில்லாத இந்தச் சோதனையின் படங்களை மருத்துவரிடம் காட்டினால் பேச்சு நேராக விஷயத்துக்கு வரும்.

நிறம் ஏன் போகிறது? தோலுக்கு நிறம் தரும் மெலனோசைட் உயிரணுக்களுக்கு முடி வேர்ப்பைதான் சேமிப்புக் கிடங்கு. புண் ஆறும்போது அங்கிருந்துதான் நிறம் மேலேறி வரும். வெட்டில் வேர்ப்பைகள் அழிந்துவிட்டால் அந்த வழி அடைபடுகிறது. சில தழும்புகளில் மெலனோசைட்டுகள் இருந்தும் வேலை செய்யாமல் கிடக்கின்றன. இந்த இரண்டாவது வகைக்குத்தான் நிறத்தைத் தூண்டும் சிகிச்சை பலன் தர வாய்ப்பு அதிகம்.

அது தழும்பே அல்லாமலும் இருக்கலாம்

வெளுப்பு தழும்பின் எல்லையைத் தாண்டிப் பரவுகிறதா என்று பாருங்கள். பரவினால் அது வெண்புள்ளி நோயாக இருக்கலாம். காயம் பட்ட இடத்தில் வெண்புள்ளி தோன்றுவது அறிந்த ஒன்றுதான். தோல் மருத்துவர் வுட்ஸ் விளக்கு என்ற புற ஊதா விளக்கைப் பிடித்துப் பார்ப்பார். நிறம் அடியோடு போன தோல் அந்த வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும். உறவுக்காரப் பெண்மணிகள் தூரத்திலிருந்தே “வெண்குஷ்டமா?” என்று கேட்டுவிடுவார்கள், அது வேறு. வெண்புள்ளிக்கும் குஷ்டத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, தொற்றவும் தொற்றாது.

இன்னொன்று அதிகம் பேசப்படாதது. நடுத்தர வயதுப் பெண்கள் சிலருக்கு முன்நெற்றி முடி மெல்லப் பின்வாங்கி, வெளிறிய வழவழப்பான பட்டை ஒன்று தோன்றும். கூடவே புருவமும் மெலியும். ஃபிரண்டல் ஃபைப்ரோசிங் அலோபீசியா என்ற இந்த நோய் 1994ஆம் ஆண்டில்தான் மருத்துவ இதழில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. முக அறுவை சிகிச்சைக்குப் பிறகோ முடி நட்ட பிறகோ தொடங்கியவர்களும் உண்டு. இது தீவிரமாக இருக்கும்போது முடி நட்டால் நட்டதும் சேர்ந்து போகும். தழும்பு வருடா வருடம் அகலமாகிறது என்று தோன்றினால், முதலில் இதைத்தான் கேட்க வேண்டும்.

பொறுக்க வேண்டிய காலம்

தழும்பு முதிர்ந்து அடங்க ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் ஆகும். முதலில் சிவப்பு, பிறகு பழுப்பு, கடைசியில் வெளுப்பு. வெட்டைச் சுற்றியிருந்த முடி அதிர்ச்சியில் உதிர்ந்திருந்தால் சில மாதங்களில் தானாக முளைக்கலாம். மூன்றாம் மாதத்திலேயே முடி நடச் சொல்பவர், தானாக வரவிருந்த முடிக்கும் சேர்த்துக் காசு வாங்குகிறார் என்பது என் எண்ணம்.

காத்திருக்கும் காலத்தில் செய்ய வேண்டிய ஒரே வேலை வெயிலில் இருந்து காப்பது. சிங்கப்பூரில் வானம் தெளிவான நாள்களில் நண்பகல் புற ஊதாக் குறியீடு 11ஐத் தொடுவதும் உண்டு. நிறமில்லாத தழும்பு வெயிலில் கறுக்காது, சுற்றியிருக்கும் தோல் கறுக்கும். வித்தியாசம் கூடுகிறது, கோடு இன்னும் வெள்ளையாகத் தெரிகிறது. தழும்புக்கு மட்டுமில்லாமல் நெற்றி முழுவதற்கும் சன்ஸ்கிரீன் பூச வேண்டியது அதனால்தான். நிறத்தைக் கூட்டாமலே கோட்டை மங்கவைக்கும் மலிவான வழி இது.

கடைகளில் தழும்புக்கென்று விற்பவற்றில் பல இந்த வெளுப்புக்கு ஆகாதவை. சிலிக்கோன் ஜெல் மேடான, புதிய தழும்புக்கு நல்லது; நிறம் தராது. 595 நானோமீட்டர் டை லேசர் சிவந்த தழும்புக்கானது, வெளுத்ததற்கு அதில் வேலையில்லை. நிறம் குறைக்கும் கிரீம் தடவுவது எதிர்த்திசையில் ஓடுவது. மேடான தழும்பைக் கரைக்கப் போடும் ஸ்டீராய்டு ஊசி, மாநிறத் தோலில் தானே ஒரு வெள்ளைத் திட்டை உண்டாக்கலாம். வைட்டமின் ஈ எண்ணெய்க்கு வலுவான ஆதாரம் கிடையாது, சிலருக்கு அரிப்பும் தடிப்பும் வருவதுதான் மிச்சம்.

மறைப்பு

இதைக் கடைசி வழியாக நினைக்கிறார்கள். நான் முதல் வழி என்பேன். செலவு குறைவு, பிடிக்காவிட்டால் கழுவிவிடலாம். எந்தக் குறையை மறைத்தால் உங்கள் கண்ணுக்கு நிம்மதி வருகிறது என்பதும் தெரிந்துவிடும்.

முஸ்தஃபா பேரங்காடியிலோ மருந்துக் கடையிலோ கிடைக்கும் முடித்தூள்களில் இரண்டு வகை உண்டு. கெரட்டின் இழைத் தூள் பக்கத்து முடியில் ஒட்டிக்கொண்டு அதைத் தடிமனாகக் காட்டும். வெறும் தோலில் நிற்காது, அதனால் முடிக்குள் இருக்கும் குறுகலான கோட்டுக்குத்தான் உதவும். முடி வேர் நரையை மறைக்கும் அழுத்திய பவுடர் தோலிலேயே ஒட்டும். முடியோரத்துக்கு இதுதான் சரி. எதுவானாலும் நம் ஊர்ப் புழுக்கத்தில், எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு நடந்து போய்ச் சேர்வதற்குள் வேர்வை அதன் பங்கை எடுத்துக்கொள்ளும். மேலே செட்டிங் ஸ்பிரே அடித்தால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

நெற்றித் தோலில், முடிக்கு வெளியே கோடு இருந்தால் செல்ஃப் டேனிங் திரவத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதிலுள்ள டைஹைட்ராக்ஸி அசிட்டோன் தோலின் மேலடுக்கில் உள்ள அமினோ அமிலங்களோடு வினைபுரிந்து பழுப்பாகிறது. மெலனோசைட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்குக் கவலை இல்லை, தழும்பிலும் பிடிக்கும். வேர்வையிலும் குளியலிலும் உடனே போகாது. ஐந்தாறு நாள் நின்று, தோல் உதிர உதிர மங்கும். மெல்லிய தூரிகையால் கோட்டின் மேல் மட்டும் பூச வேண்டும், சுற்றித் தடவினால் அங்கும் கறுத்துவிடும். வெயிலில் இருந்து பாதுகாப்பு இதில் இல்லை, சன்ஸ்கிரீன் தனியாகப் போட வேண்டும். மருதாணியும் சில நாள் சாயம் தரும், ஆனால் செம்பட்டை அடித்து நெற்றியில் விநோதமாகத் தெரியும். உடனே கறுக்கும் கறுப்பு மருதாணி பக்கம் போகவே வேண்டாம். அதில் சேர்க்கும் முடிச்சாய ரசாயனம் தோலைக் கொப்பளிக்க வைத்துப் புதிய வெள்ளைத் திட்டை விட்டுப் போகலாம்.

லேசர்: நிறத்தைத் திரும்ப அழைப்பது

இரண்டு லேசர்கள் பேச்சில் அடிபடும். எக்ஸைமர் என்பது 308 நானோமீட்டர் ஒளி, வெண்புள்ளிக்குப் பயன்படுவதே. வாரத்துக்கு ஓரிரு முறை என்று பல வாரம் போக வேண்டும். நிறம் வருகிறது, ஆனால் நிறுத்திய சில மாதங்களில் பெரும்பாலும் மறுபடி மங்குகிறது. இடையிடையே போய்க்கொண்டே இருக்க வேண்டும். தழும்பின் விளிம்பு கறுத்துப்போகும் வாய்ப்பும் உண்டு. வெள்ளைக் கோட்டுக்கு இருபுறமும் கறுப்பு விளிம்பு வந்தால் முன்பைவிட நன்றாகத் தெரியும்.

ஃபிராக்‌ஷனல் லேசர், குறிப்பாக 1550 நானோமீட்டர் வகை, தோலில் நுண்ணிய தூண்களாகச் சூடேற்றி அதைப் புதுப்பிக்க வைக்கிறது. மாதம் ஒரு முறை அளவில் நான்கைந்து தடவை போக வேண்டும். கண் அழுத்த நோய்க்கான பைமட்டோபுராஸ்ட் சொட்டு மருந்தையோ, டக்ரோலிமஸ் வகைக் களிம்பையோ கூடவே தடவச் சொல்லும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். பைமட்டோபுராஸ்ட் நிறத்தையும் முடியையும் தூண்டக் கூடியது. இமைமுடி வளர அதை அமெரிக்காவில் 2008ல் அனுமதித்தார்கள். தழும்புக்குத் தருவது அனுமதிக்கப்பட்ட பயன்பாட்டுக்கு வெளியே, மருத்துவரின் பொறுப்பில். இதற்கான ஆதாரம் சிறிய குழுக்களில் கிடைத்தவைதான். கிடைப்பது முன்னேற்றம், முழு நிறத்தை எதிர்பார்க்கக் கூடாது. நுண்ணூசிகளால் தோலைக் குத்தித் தூண்டும் மைக்ரோநீட்லிங்கும் இந்தக் குடும்பம்தான், இன்னும் மிதமானது. வீட்டில் ரோலர் வாங்கி உருட்டுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

மாநிறத் தோலில் லேசரின் பெரிய அபாயம் வெப்பம் அதிகமாகிக் கறுத்துப்போவது, சில நேரம் புதிதாக வெளுத்துப்போவது. அதனால் காதருகே ஒரு சிறு இடத்தில் சோதித்துவிட்டு, இரண்டு மாதமாவது பார்த்த பிறகே முழுக் கோட்டையும் தொடும் மருத்துவரைத் தேடுங்கள். அழகு நிலையங்களில் ஐபிஎல் என்று தரும் ஒளிச் சிகிச்சை இதற்கான கருவியே அல்ல.

ஆக, தழும்பு முடிக்கு வெளியே, தட்டையாக, நிறம் மட்டும் குறைவாக இருந்தால் லேசருக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கலாம். முடிக்குள் இருந்தால் அது வீண்செலவு. நிறம் வந்தாலும் முடியில்லாத கோடு கோடாகத்தான் தெரியும்.

பச்சை குத்துவது

மைக்ரோ பிக்மென்டேஷன் என்று விளம்பரத்தில் வருவது பச்சை குத்துவதன் நுட்பமான வடிவம். மழித்த முடியின் அடிக்கட்டை மாதிரி சிறு சிறு புள்ளிகளாகத் தோலின் மேல்பகுதியில் சாயம் வைப்பார்கள். சில வார இடைவெளியில் இரண்டு மூன்று அமர்வு. பலன் உடனே தெரியும். சில ஆண்டுகளில் மங்கும், திரும்பத் தொட்டுக்கொள்ள வேண்டும்.

முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்ளும் ஆண்களுக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை என்று நினைக்கிறேன். தேசிய சேவைக்குப் போகும் பையனுக்குத் தெக்கோங் தீவில் முதல் நாளே தலை ஒட்ட வெட்டப்படும். தலையின் பக்கவாட்டில் இருக்கும் கோடு அன்றைக்கு ஊருக்கே தெரியும். தைப்பூசத்துக்கு மொட்டை போடுபவர்களுக்கும் இதே கதைதான். மொட்டைத் தலையில் சந்தனம் இருக்கும்வரை தழும்பு தெரியாது, குளித்த பிறகுதான் சிக்கல். குட்டை முடிக்குப் புள்ளிச் சாயம் அச்சாகப் பொருந்தும்.

நீள முடிப் பெண்களுக்கு அப்படி இல்லை. தலையை வாரிக் கொண்டை போட்டால் முன்னோரத்தில் முடி எழும்ப வேண்டிய இடத்தில் தட்டையான கறுப்புப் புள்ளிகள் தெரியும். தூரத்தில் பரவாயில்லை, கண்ணாடி முன்னால் நிற்கும்போது ஏமாற்றம்தான். உச்சி வகிட்டின் பக்கத்தில், முடிக்குள் இருக்கும் கோட்டுக்கு இது வேலை செய்யும். நெற்றியின் விளிம்புக்கு அல்ல.

தழும்புத் தோல் சாதாரணத் தோல் மாதிரி சாயத்தைப் பிடிக்காது. சில இடத்தில் பரவிப் பொட்டாகும், சில இடத்தில் நிற்கவே நிற்காது. கறுப்புச் சாயம் வருடங்களில் நீலச்சாயல் அடிக்கலாம். நரை வரும் வயதில், சுற்றி வெள்ளை முடியும் நடுவே கறுப்புப் புள்ளியும் என்று ஆகும். இன்னொன்று, சிலர் தோல் நிறச் சாயத்தையே குத்தி வெள்ளைக் கோட்டை நிரப்புகிறேன் என்பார்கள். அதை யோசித்தே செய்யுங்கள். வெயிலில் தோல் மாறும், சாயம் மாறாது. பிடிக்கவில்லை என்று லேசரால் அழிக்கப் போனால், தோல் நிறச் சாயங்களில் இருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடும் இரும்பு ஆக்சைடும் லேசர் பட்டதும் கறுத்துப்போகக் கூடியவை. வெள்ளைக் கோட்டை அழிக்கப் போய்க் கறுப்புக் கோட்டோடு வருவீர்கள்.

மூளை அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவ்வப்போது எம்ஆர்ஐ எடுப்பவர்கள், பச்சை குத்தியிருப்பதை எடுப்பவரிடம் சொல்லிவிட வேண்டும். இரும்புச் சாயம் உள்ள இடத்தில் அரிதாகச் சூடோ எரிச்சலோ வரும். அதற்காக ஸ்கேனைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

முடி நடுவது

முடியோரத்தில் முடி இல்லாத கோட்டுக்கு என் முதல் வாக்கு இதற்குத்தான். செலவும் காத்திருப்பும் அதிகம், ஆனால் கிடைப்பது வளர்கிற, வாரக்கூடிய, நரைக்கவும் செய்கிற சொந்த முடி.

கணக்குப் போட்டுப் பார்த்தால் பயம் குறையும். 10 சென்டிமீட்டர் நீளம், அரை சென்டிமீட்டர் அகலம் உள்ள கோடு 5 சதுர சென்டிமீட்டர்தான். ஆரோக்கியமான தலையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 60 முதல் 100 வரை முடிக்கொத்துகள், அதாவது ஒரே துளையிலிருந்து ஒன்றாகவோ சிலவாகவோ முளைக்கும் முடிகள், இருக்கும். தழும்பில் அவ்வளவு நெருக்கமாக நட முடியாது. ரத்த ஓட்டம் குறைவு என்பதால் 20, 30 என்று இடைவெளி விட்டு நடுவார்கள். ஆக முதல் சுற்றுக்கு 100 முதல் 150 கொத்துகள் போதும். வழுக்கைத் தலைக்கு நடும் ஆயிரக்கணக்கான கொத்துகளோடு ஒப்பிட்டால் இது சின்ன வேலை. கொத்துக்கு இத்தனை வெள்ளி என்று விலை சொல்லும் கிளினிக்குகள் பலவற்றில் குறைந்தபட்சக் கட்டணம் ஒன்று இருக்கும்; அதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

நட்ட முடி சில வாரத்தில் உதிரும். பயப்பட வேண்டாம், வேர் உள்ளே இருக்கும். மூன்று நான்கு மாதத்தில் முளைக்கத் தொடங்கி, மாதம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்ந்து, ஒரு வருடத்தில் முழுத் தோற்றம் வரும். தழும்பில் பிழைக்கும் விகிதம் சாதாரணத் தோலைவிடக் குறைவு, எனவே இரண்டாம் சுற்று தேவைப்படலாம். நல்ல மருத்துவர் சிலர் முதலில் 20, 30 கொத்து மட்டும் நட்டு, அரை வருடம் போன பிறகு எத்தனை பிழைத்தன என்று பார்த்துவிட்டு மீதியைச் செய்வார்கள். தழும்பு தடித்துக் கெட்டியாக இருந்தால் முதலில் உடலின் கொழுப்பைக் கொஞ்சம் எடுத்துத் தழும்புக்கு அடியில் செலுத்தி இளக்குவதும் உண்டு.

கைவண்ணம் தெரிவது முன்னோரத்தில்தான். முதல் வரிசையில் ஒற்றை முடிக் கொத்துகள் மட்டும் வர வேண்டும். கண்ணுக்கும் காதுக்கும் நடுவிலுள்ள பொட்டுப் பகுதியில் முடி கீழ்நோக்கிப் படுத்து வளரும், அந்தச் சாய்விலேயே நட வேண்டும். நேராக நட்டால் தூரிகை மாதிரி நிமிர்ந்து நிற்கும். மருத்துவர் முன்பு செய்த தழும்பு வேலைகளின் படங்களைக் கேளுங்கள். வழுக்கை வேலைப் படங்கள் இதற்குச் சாட்சி இல்லை. அதிலும் மாநிறத் தோலில் செய்தவற்றைக் கேளுங்கள்.

ஒரு முரண் இருக்கிறது. நடுவதற்கான முடியைப் பின்தலையிலிருந்துதான் எடுப்பார்கள்; அங்கே கொத்து எடுத்த இடங்களில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வெள்ளைப் புள்ளிகள் மிஞ்சும். நீள முடிக்கு அது ஒன்றுமே இல்லை. ஒட்ட வெட்டும் ஆணுக்கு, முன்னால் ஒரு கோட்டை மூடிப் பின்னால் நூறு புள்ளி வைப்பதாக முடியலாம்.

மண்டையோட்டைத் திறந்து மூடியவர்களுக்கு முன்னெச்சரிக்கை கூடுதலாக வேண்டும். தோலுக்கு அடியில் தகடுகளோ திருகுகளோ, நீர் வடிக்கும் ஷன்ட் குழாயோ இருந்தால், அந்த இடத்தில் ஊசி போடுவதற்கு முன் மூளை அறுவை மருத்துவரின் எழுத்து மூலமான சம்மதம் வாங்குங்கள். தலைக்குக் கதிர்வீச்சு எடுத்திருந்தால் ரத்த ஓட்டம் இன்னும் குறைவாக இருக்கும், முடி பிழைப்பது சந்தேகம். முடி வளர்ச்சிக்கான மினாக்சிடில் மருந்தைத் தடவினால் சுற்றியுள்ள மெலிந்த முடி தேறலாம், ஆனால் வேர் அழிந்த கோட்டில் அது எதையும் முளைக்க வைக்காது.

வெட்டி மறுபடி தைப்பது

கோடு அகலமாக, பள்ளமாக இருந்தால் மட்டும். பழைய தழும்பை வெட்டி எடுத்துவிட்டு, விளிம்பைச் சாய்வாகச் சீவி மூடினால், அடியிலிருக்கும் முடிகள் புதிய தழும்பின் ஊடாகவே வளர்ந்து வரும். நேர்கோட்டை வளைவு நெளிவாக மாற்றுவதும் உண்டு. கண் நேர்கோட்டைத்தான் சட்டென்று பிடிக்கும். இழுவிசை அதிகமான தலையில் மறுபடி அகலமாகும் ஆபத்து இருக்கிறது. காது மடலிலோ தோளிலோ மார்பிலோ கீலாய்டு எனப்படும், காயத்தின் எல்லையைத் தாண்டி வளரும் தடித்த தழும்பு வந்த வரலாறு இருந்தால், இதைச் சொல்லாமல் மேசையில் ஏறக்கூடாது. அரை சென்டிமீட்டருக்குள் இருக்கும் கோட்டை நான் வெட்டவிட மாட்டேன்.

பணமும் படியும்

அழகுக்காக என்று கருதப்படும் எதற்கும் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்பு பயன்படாது, மெடிஷீல்டு லைஃப் என்ற தேசியக் காப்புறுதியும் தராது. சொந்தப் பணம்தான். ஆனால் நோயறிதலுக்கு அவ்வளவு செலவழிக்க வேண்டியதில்லை. பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கி, மண்டலே சாலையிலுள்ள தேசிய சரும நிலையத்துக்குச் சலுகைக் கட்டணத்தில் போகலாம். வெண்புள்ளியா, வேறு நோயா, வெறும் தழும்பா என்பது அங்கே தெளிவாகிவிடும். காத்திருக்க வேண்டும்; எப்படியும் தழும்பு முதிரக் காத்திருக்கத்தானே போகிறோம்.

தனியார் கிளினிக் என்றால் சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் இணையப் பதிவேட்டில் பெயரைத் தேடிப் பாருங்கள். தோல் மருத்துவமும் பிளாஸ்டிக் அறுவை சிகிச்சையும் அங்கீகரிக்கப்பட்ட சிறப்புத்துறைகள். ஏஸ்தெடிக் மருத்துவம், அதாவது அழகு மருத்துவம் என்று தனிச் சிறப்புத்துறை அந்தப் பட்டியலில் கிடையாது. அதற்காக அவர்கள் கெட்டவர்கள் என்றில்லை, ஆனால் யாரிடம் உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். முடி நட ஜோகூருக்கோ சென்னைக்கோ போவோரும் இருக்கிறார்கள். செலவு குறையும், அதிலும் சென்னையில் நம் தோலையும் முடியையும் தினமும் பார்க்கும் கைகள் இருக்கின்றன. ஆனால் தழும்பில் நடுவது ஒரே பயணத்தில் முடியாமல் போகலாம். இரண்டாம் சுற்றுக்கான விமானச் சீட்டையும் விடுப்பையும் கணக்கில் சேர்த்துவிட்டு ஒப்பிடுங்கள்.

எனக்கு இருந்தது முடிக்குள் போன மெல்லிய கோடு. வகிட்டை மாற்றினேன், முன்னோரத்தில் மட்டும் கொஞ்சம் முடி நட்டேன், மிச்சத்துக்கு வேர்ப் பவுடர். லேசர் பக்கம் போகவில்லை. என் தழும்பு நெற்றிக்கு இறங்கியிருந்தால் வேறு முடிவு எடுத்திருப்பேன்.

கல்யாணம் நெருங்கும்போது கேட்பவர்கள்தான் அதிகம், அதனால் நாள்கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதம்தான் இருக்கிறது என்றால் மறைப்பு மட்டும், அதையும் ஒப்பனைக்காரரோடு ஒரு முறை ஒத்திகை பார்த்துவிடுங்கள். பச்சை குத்துவதானால் கடைசி அமர்வு முகூர்த்தத்துக்கு ஒரு மாதமாவது முன்னால் முடிய வேண்டும். லேசருக்கு அரை வருடத்துக்கு மேல் வேண்டும். முடி நட முழுசாக ஒரு வருடம். தை மாதக் கல்யாணத்துக்கு ஐப்பசியில் போய் உட்கார்ந்து நடச் சொன்னால், நலங்குக்கு உட்காரும்போது நட்டது உதிர்ந்து, புதியது முளைக்காமல் இருக்கும்.